நெல்லுக்கு விலகிய லொறி

லொறி இரண்டாவது மதகில் ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிடும். பின்பலகை ஒருமுறை தூக்கிப்போட்டு அடிக்கும். அந்தச் சத்தத்துக்கும் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள முதலாவது மதகின் சத்தத்துக்கும் இடையில், குசினி அடுப்படியில் இருந்து எழும்பி ஓடி மகளின் கையைப் பிடிக்க எனக்கு நேரம் இருந்தது. றோட்டுக்குத் தார் போட்ட பிறகு அந்த நேரம் பாதியாகிவிட்டது.

நாங்கள் இருந்தது கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு குடியேற்றத் திட்டத்தில். யாழ்ப்பாணத்தில் காணி இல்லாத ஆட்களுக்கு வயலும் வீடு கட்ட மேட்டுக்காணியும் கொடுத்து இருத்தின இடம். ஐம்பதுகளில், கலியாணம் முடித்த கையோடு வந்தோம். வீட்டுக்கு முன்னால் றோட்டு. றோட்டுக்கு அந்தப் பக்கம் முன்வீட்டு அக்காவின் காணி. அவவின் வேலியோரம் நடந்துபோக ஒரு ஒழுங்கை, ஒழுங்கை முடிகிற இடத்தில் வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் எங்கள் வயல். என் மனிசன் மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த ஒழுங்கையால்தான் வருவார். அவரைக் கண்டால் மகள் றோட்டைக் கடந்து ஓடுவாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது.

கிரவல் றோட்டாக இருந்த காலத்தில் பெரிய பயம் இருக்கவில்லை. அவ்வளவு குழி. மாரியில் பஸ்ஸில் இருந்து ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். தார் போட்டுத் தரச்சொல்லி ஊரெல்லாம் கையெழுத்து வைத்த கடிதத்தில் நானும் வைத்தேன். அந்நிய ஆட்கள் என் எழுத்தைப் பார்க்கப்போகிறார்களே என்று அன்றைக்கு எனக்குச் சரியான வெட்கம். நான் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு மறித்த பிள்ளை. வெளி ஆம்பிளைகள் முன்னால் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தார் வந்தது. எல்லோருக்கும் சந்தோசம். முக்கியமாகப் பெண்களுக்கு. அவித்த நெல்லை முற்றத்துப் பாயில் போட்டால் காய இரண்டு நாள் வேண்டும். கறுப்புத் தாரில் போட்டால் ஒரு பகலில் சரி. அறுவடை முடிந்ததும் றோட்டில் பாதி நெல்லாகிவிடும். ஓரத்தில் கல் வைத்து அடையாளம் செய்வோம். மற்றப் பாதியால் வண்டிலும் பஸ்ஸும் போகும். இதை ஒருவரும் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுவாக நடந்தது.

அந்தத் தாரில்தான் நெல்லு லொறியும் வேகமாக ஓடத் தொடங்கியது. ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணத்து மில்லுக்கு ஒரு நாளில் இரண்டு நடை. முதல் நடைக்கு விடியல் வெள்ளாப்பில் வரும். இரண்டாம் நடைக்கு நெல் ஏற்ற மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் வீட்டைக் கடந்து போகும். என் மனிசன் வயலால் வருகிற அதே நேரம்.

சாரதி ஒரு இளந்தாரிப் பொடியன். முன்கண்ணாடியில் பிள்ளையார் படம், அதற்கு நித்தியகல்யாணிப் பூ. கெட்டவன் என்று சொல்லமாட்டேன். அவன் ஹோனை நம்பினான், அவ்வளவுதான். மதகடியில் ஹோனில் கையை வைத்தால் எங்கள் வீடு தாண்டும்வரை எடுக்கமாட்டான். ஹோன் அடித்தால் தன்னுடைய பங்கு முடிந்தது, இனி விலகுவது றோட்டில் நிற்கிறவர்களின் பங்கு என்பது அவனுடைய எண்ணம். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அதே எண்ணம்தான்.

ஒருநாள் முன்வீட்டு அக்காவின் மறியாடு அந்த லொறியில் அடிபட்டது. சனம் கூடிவிட்டது. சாரதி இறங்கி வந்தான்.

"அக்கா, நான் மதகிலை இருந்தே ஹோன் அடிச்சுக்கொண்டெல்லோ வாறன். உங்கடை ஆடென்ன செவிடே?"

"ஆட்டுக்குக் காது இருக்கடா தம்பி. உனக்குத்தான் கண் இல்லை."

"தார் போட்டது மாட்டு வண்டிலுக்கே அக்கா? கெதியாப் போகத்தானே போட்டது."

"போ, போ. கெதியாப் போய்ச் சேரு. எமன் உனக்குக் குந்தக் கதிரை போட்டு வைச்சிருக்கிறான்."

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். செத்த ஆட்டைப் பங்கு போடுகிற கதை தொடங்கியது. நான் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

என் மகளுக்குக் காது கேளாது.

பிறந்தபோது கேட்டது. மூன்று வயதில் சின்னமுத்து வந்தது. காய்ச்சல் மாறினபிறகு இரண்டு காதாலும் சீழ் வடிந்தது. சீழ் நின்றபோது கேள்வியும் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். இனி வராது என்று டொக்டர் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மனிசன் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"பொம்பிளைப் பிள்ளை. இது ஒருத்தற்றை வாயிலும் விழக்கூடாது. விளங்குதே?"

எனக்கு விளங்கியது. செவிட்டுப் பெட்டை என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் பிறகு அவளுக்கு வேறு பெயர் இல்லை. கதைக்கப் பழகின பிறகு வந்த வருத்தம் என்பதால் அவளுக்குச் சொல்லுகள் தெரியும். வாயைப் பார்த்து ஓரளவு விளங்குவாள். அதனால் மறைக்க முடிந்தது. ஆரும் வந்தால் நான் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொள்வேன். பின்னால் நின்று கூப்பிட்டவர்கள் அவளைத் திமிர்க்காரி என்று நினைத்தார்கள். முன்வீட்டு அக்கா அவளுக்கு மகாராணி என்றே பட்டம் வைத்திருந்தா.

"தங்கச்சி, உன்ரை மகாராணி இண்டைக்கும் என்னைத் திரும்பிப் பாக்கேல்லை. நான் என்ன அவவுக்கு வரி கட்டவேணுமே?"

நான் சிரித்துச் சமாளிப்பேன்.

ஆடு செத்த அடுத்த நாளில் இருந்து, சமைக்கிற நேரம் ஒரு பழைய சேலைத் துண்டால் மகளின் இடுப்பைக் கட்டி மற்றத் தலைப்பைக் குசினிக் கப்புத் தூணில் முடிந்துவிடுவேன். அவள் அழமாட்டாள். எட்டுகிற தூரம்வரை போய், துண்டு இழுத்ததும் திரும்பி என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு என்னால் முகம் கொடுக்க முடியாது. நாலாம் நாள் நெருப்பு எடுக்க வந்த அக்கா கண்டுவிட்டா.

"என்னடியாத்தை, கண்டுக்குட்டி மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறாய்? பெத்த பிள்ளையே, இல்லை வாங்கின மாடே?"

"றோட்டுக்கு ஓடுறாள் அக்கா."

"ஓடினால் என்ன? லொறி வந்தால் ஹோன் கேக்கும்தானே. உன்ரை பிள்ளைக்கு அறிவில்லையே?"

நான் அவிழ்த்துவிட்டேன். பிறகு கட்டவில்லை. அந்தக் கிழமை இரண்டு தரம் சோறு அடிப்பிடித்தது. இரவு கண்ணை மூடினால் பின்பலகை அடிக்கிற சத்தம்.

மனிசனிடம் சொன்னேன். "இஞ்சேருங்கோ, நீங்கள் அந்த றைவரோடை ஒருக்கால் கதையுங்கோவன். எங்கடை வாசல் படலையடியிலை எண்டாலும் மெல்லப் போகச் சொல்லி."

அவர் தேத்தண்ணிக் கடையில் வைத்து அவனிடம் சொல்லித்தான் இருக்கிறார். வந்து எனக்குச் சொன்னார்.

"சொன்னனான். 'எல்லா வீட்டிலையும்தான் அண்ணை பிள்ளையள் இருக்கு, உங்கடை வீட்டடியிலை மட்டும் ஏன்' எண்டு கேட்டான். நான் என்னத்தைச் சொல்ல?"

"உண்மையைச் சொல்லலாம்தானே."

அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அக்கா ஒருநாள் நெல்லைக் கொஞ்சம் கூடுதலாக, றோட்டின் பாதியைத் தாண்டிப் பரப்பியிருந்தா. லொறி வந்தது. நான் படலைக்குள் மகளைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சாரதி ஒரு பக்கச் சில்லுகளைப் புல்லில் இறக்கி, ஒரு நெல்மணியில்கூடப் படாமல் வளைத்துக்கொண்டு போனான்.

"பாத்தியே," என்றா அக்கா. "ஆட்டை அடிப்பான். நெல்லிலை ஏத்தமாட்டான். லட்சுமியெல்லோ."

அது எனக்குப் பிடித்துக்கொண்டது. எங்கள் படலைக்கு முன்னால் நெல் கிடந்தால், எங்கள் பக்கத்துப் புல்லோரத்தில் இருக்கிற பிள்ளைக்கும் லொறிக்கும் நடுவில் அந்த நெல் ஒரு மதில் போலக் கிடக்கும் என்று நினைத்தேன். அவன் மற்றப் பாதியால் போவான். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. இதைவிட நல்ல வழி உண்டா?

அடுத்த நாள் வெள்ளென எழும்பி நெல் அவித்தேன். எங்கள் பக்கத்துப் பாதியில், படலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நீளத்துக்குப் பரப்பினேன். புல்லோரத்து வேப்பமர நிழலில் மகளை இருத்தி, காகம் கலைக்கக் கையில் ஒரு கம்பைக் கொடுத்தேன். அவளுக்குப் பெரிய புளுகம், வாயெல்லாம் சிரிப்பு. லொறி நெல்லைச் சுற்றி அந்தப் பக்கத்தால் போனது. மகளுக்கும் அதற்கும் இடையில் பத்தடி நெல். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சோறு வாய்க்கு ருசித்தது.

இப்படி மூன்று நாள் நடந்தது. காய்ந்த நெல்லைக்கூட அள்ளிக்கொண்டுபோய்த் திரும்பவும் பரப்பினேன்.

நாலாம் நாள் அக்கா நெல்லுக் கடகத்தோடு வந்தா. "தங்கச்சி, உன்ரை படலையடி நல்ல வெயில். நானும் இதிலையே முன்னுக்கு என்ரை பக்கத்திலை போடப்போறன். இரண்டு பேரின்ரையையும் மகாராணியே பாக்கட்டும்."

அவ போட்டால் றோட்டு முழுக்க நெல்லாகிவிடும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் அக்கா என்று சொல்ல வாய் வந்தது. ஏன் என்று கேட்டால்? சொல்லவில்லை. முழுக்க நெல் கிடந்தால் லொறி நிற்கத்தானே வேண்டும், அதுவும் நல்லதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

பன்னிரண்டு மணிக்கு நான் இரண்டாம் நெல் அவியலில் நின்றேன். பெரிய பானை கொதித்துச் சீறிக்கொண்டிருந்தது. விறகும் பச்சை, வெடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது மதகில் பின்பலகை அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கேட்டது முதலாவது மதகும் ஹோனும்தான்.

அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். படலையடிக்கு வந்தபோது லொறி தெரிந்தது. வந்த வேகத்தில் அவன் இரண்டு பக்கத்து நெல்லையும் கண்டிருக்கிறான். அக்காவின் பக்கம் வேலியும் தண்ணி ஓடுகிற கானும். விலகுவதற்கு இடம் எங்கள் பக்கத்துப் புல்லோரம் ஒன்றுதான். லொறி நெல்லில் படாமல் புல்லில் இறங்கி, வேப்பமரத்தை நேரே பார்த்து வந்தது. மகள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குந்தியிருந்து, கம்பால் காகத்துக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஹோன் விடாமல் அலறியது. பிள்ளை எழும்பி விலகும் என்று அவன் முழுசாக நம்பினான். அது எனக்கு அவனுடைய முகத்திலேயே தெரிந்தது. அவன் பயந்தது நெல்லுக்குத்தான்.

அவளிடம் ஓடிப்போக என் கால்களுக்கு நேரம் போதாது. நான் றோட்டில் பாய்ந்து நெல்லின் நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன்.

"நெல்லிலை ஏத்து! நெல்லிலை ஏத்தடா! பிள்ளைக்குக் கேளாது!"

என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. எந்தச் சொல் அவனுக்குக் கேட்டதோ, லொறி ஒருக்கால் உலாஞ்சித் திரும்பி நெல்லில் ஏறியது. நான் பின்னால் விழுந்தேன். சில்லு எறிந்த நெல் மழைபோல மகளின் முதுகில் கொட்டியது. அப்போதுதான் அவள் திரும்பினாள். லொறி அக்காவின் வேலிக் கதியாலை முறித்துக்கொண்டு கானில் ஒரு சில்லு இறங்கி நின்றது.

தவழ்ந்து போய் அவளைத் தொட்டுப் பார்த்தேன். தலை, கை, கால். ஒரு கீறல் இல்லை. அவள் என் தலைமயிரில் இருந்த நெல்லைப் பொறுக்கத் தொடங்கினாள்.

சாரதி இறங்கி வந்தான். அவிழ்ந்த சாறத்தை ஒரு கையால் பிடித்திருந்தான். அக்கா ஓடிவந்தா. ஒழுங்கை வாசலில், தோளில் மண்வெட்டியோடு என் மனிசன் நின்றார். எல்லாவற்றையும் அவர் கண்டிருக்கிறார்.

"மதகிலை இருந்து ஹோன் அடிக்கிறன்! பிள்ளை அசையேல்லை! ஏனக்கா, என்ன பிள்ளை இது?" அவன் என் பக்கம் திரும்பினான். "என்ன கத்தினனீங்கள்? கேளாதோ?"

அக்கா என்னைப் பார்த்தா. நான் மனிசனைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. வெருண்ட நேரத்தில் ஏதோ கத்திவிட்டேன் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மகள் என் தலையில் இருந்து எடுத்த நெல்லை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் தம்பி," என்றேன். "அவளுக்கு இரண்டு காதும் கேளாது. மூண்டு வயசிலை இருந்து."

சாரதி அப்படியே றோட்டில் குந்திவிட்டான்.

"ஏனக்கா முதலே சொல்லேல்லை? நான் ஹோனை நம்பியெல்லோ வாறனான். இவ்வளவு நாளும் இந்த இடத்தாலை கண்ணைக் கட்டிக்கொண்டெல்லே ஓடியிருக்கிறன்."

பிறகு எழும்பிப் போய் லொறியின் சில்லுக்குக் கீழே குனிந்தான். தடத்தில் நசிந்து ஒட்டின நெல்லை விரலால் கிண்டி எடுத்துக் கண்ணில் ஒற்றினான். ஒரு மணியையும் விடவில்லை.

அக்கா மகளுக்குப் பக்கத்தில் குந்தினா. அவளுடைய நாடியைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பினா. "உன்னைப் போய் மகாராணி எண்டனே," என்று சொல்லி அழுதா. மகள் அவவின் வாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு அக்கா என் பக்கம் திரும்பினா. "நீ ஒரு பொம்பிளையே? எனக்குச் சொன்னால் நான் என்ன ஊர் முழுக்கப் பறை அடிப்பனே?"

மூன்று நாளுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மனிசன் பயந்தது அப்படியே நடந்தது. கிணற்றடியில், கடையில், எல்லா இடமும் அதே கதை. அவர் என்னோடு ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் அந்த நெல்லு லொறி முதலாவது மதகில் ஏறுமுன்பே ஊர்ந்தது. படலையடியில் சாரதி ஹோன் அடிக்காமல் கையை வெளியே நீட்டி ஆட்டுவான். மகளும் ஆட்டுவாள். பஸ்காரருக்கும் அவன்தான் சொன்னான்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மனிசன் ஒரு பெட்டிப் பலகையைச் சீவிச் சுண்ணாம்பு பூசிக் காயவைத்தார். றோட்டு வேலைக்காரர் விட்டுப்போன தார் கொஞ்சம் தகரத்தில் கிடந்தது. அதை உருக்கி, பாளைக் குச்சியால் 'மெல்லப் போகவும்' என்று எழுதி வேப்பமரத்தில் அடித்தார். கீழே அரைவாசிப் பலகை வெறுமையாக இருந்தது.

அடுத்த போக அறுவடைக்கு வெளியிடத்து லொறிகள் வந்தன. முதலாவது லொறியே பலகையைக் கடந்து, ஹோனில் கையை வைத்தபடி, தூசி கிளப்பிக்கொண்டு பறந்தது. நான் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு வேலியோடு ஒட்டி நின்றேன். ஒழுங்கையால் வந்த மனிசனும் கண்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்து, தார்த் தகரத்தை அடுப்பில் வைத்தார்.

"ஏன் மெல்லப் போகவேணும் எண்டும் எழுதத்தான் வேணும்," என்றார். "நீ எழுது. உன்ரை எழுத்துத்தான் வடிவு."

பலகையின் வெறும் பாதியில் எழுதினேன். 'இவ்விடம் காது கேளாத பிள்ளை.' ஒரு எழுத்து மற்றதைவிடப் பெரிதாக வந்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் என் எழுத்தைப் பார்க்கப்போகிறார்கள் என்ற வெட்கம் அப்போதும் வந்தது. அதற்குப் பின்னால் வேறு பயமும் வந்தது. தமிழ் வாசிக்கத் தெரியாதவன் வந்தால்? மழையில் சுண்ணாம்பு கரைந்தால்?

அவர் பலகையை மரத்தில் அடித்து முடிக்கவில்லை, இரண்டாவது மதகில் ஒரு பின்பலகை அடித்தது. தெரியாத லொறி. நான் கையைத் துடைக்காமலே மகளின் மணிக்கட்டைப் பிடித்தேன். லொறி வேப்பமரத்தடிக்கு வரும்போது மெல்ல வந்தது. சாரதி கழுத்தை நீட்டி, வாய் அசைய, எழுத்துக் கூட்டி வாசித்தான். பிறகு பிள்ளையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே போனான்.

அது கண்ணுக்கு மறைந்த பிறகும் நான் பிடியை விடவில்லை. விட்டபோது அவளுடைய மணிக்கட்டைச் சுற்றி என் ஐந்து விரலும் தாராகப் பதிந்திருந்தது. தேங்காயெண்ணெய் போட்டும் மண்ணெண்ணெய் போட்டும் தேய்த்தேன். போக நாலைந்து நாள் எடுத்தது.